பாட்டு ஏற்றாத கேசட்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில், அந்தக் காலத்து வீடியோ கேசட்டைக் கொடுத்தால் பென்டிரைவில் ஏற்றித் தருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். போன வாரம் ஒரு கேசட்டை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கடையில் இருந்த தம்பி அதன் மூடியைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், மழைக்காலம் முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடந்த தோல் செருப்பின் வாடை, கூடவே லேசாகப் புளித்த மாவு. தம்பி மூக்கைச் சுளித்தான். நான் இன்னும் கிட்டே போய் மோந்து பார்த்தேன்.

"சுண்ணாம்பு அடிச்ச மாதிரி பூசணம் புடிச்சிருக்கே டீச்சர். படம் வர்றது கஷ்டம்."

நான் டீச்சர் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் கடையில் பொருள் கேட்கும்போதுகூட அதட்டிக் கேட்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

"படம் வராட்டிப் பரவால்ல தம்பி. சத்தம் வந்தாப் போதும்."

"கல்யாணக் கேசட்டுல சத்தத்த வெச்சு என்னா பண்ணப் போறீங்க? எல்லாம் சினிமாப் பாட்டாத்தான இருக்கும்?"

"இதுல ஒரு பாட்டும் கெடையாது."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணக் கேசட்டில் பாட்டு இல்லை என்றால் எவர்தான் நம்புவார்? அந்தக் கதையைக் கடையில் நின்றபடி சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன், அவசரமில்லாமல் கேளுங்கள்.

எண்பதுகளின் பிற்பாதி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஒரு கிராமத்துப் பள்ளியில் முதல் வேலை, மூன்றாம் வகுப்பு. சொந்த ஊர் குரும்பலூர், தினமும் போய் வர முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் தங்கப்பொண்ணு அக்கா வீட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு அப்பா பஸ் ஏறிவிட்டார். வாடகைக்கு என்றுதான் பேச்சு. சாப்பாடு எந்தப் பேச்சிலும் இல்லை. ஆனால் முதல் நாள் நான் ஸ்டவ்வைப் பற்ற வைத்த மண்ணெண்ணெய் வாடை வந்ததுமே அக்கா வாசலில் நின்றார்.

"ஏம்புள்ள டீச்சரு, இந்த வூட்ல ரெண்டு ஒலை வெச்சா எனக்கு என்னா மரியாத? அத அணச்சுட்டு வா. கூச்சப்படாம சாப்புடு, நம்ம வூடுதான்."

அந்த 'நம்ம'வை அக்கா இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, இல்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. நான் என் ஸ்டவ்வை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்போது அந்தப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குக் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. புளிய மரத்து இலையெல்லாம் வெள்ளைத் தூசி. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள். அங்கிருந்துதான் சுனிதா வந்தாள். எட்டு வயது. அப்பா பீகாரிலிருந்து வந்த வெல்டர். தலையில் கடுகெண்ணெய் மணக்க, இடுப்பில் கைக்குழந்தைத் தம்பியோடு வகுப்புக்குள் வந்து நின்றாள். தம்பியை அம்மாவிடம் விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. எனக்கு இந்தியில் 'நஹி' மட்டும் தெரியும். நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். குழந்தை அழுததுதான் மிச்சம்.

ஆசிரியர் பயிற்சியில் படம் காட்டிச் சொல்லிக்கொடு என்று படித்திருந்தேன். ராத்திரியெல்லாம் அட்டையில் படம் வரைந்தேன். என் மாட்டைப் பார்த்து வகுப்பே "நாயி, நாயி" என்று கத்தியது. சுனிதா மட்டும் கத்தவில்லை, என்னை இரக்கத்தோடு பார்த்தாள். வாரங்கள் போயின. கேள்வி கேட்டால் தலை குனிவாள். கிட்டே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று "பேசு, பேசு" என்பார்கள், அவள் பெஞ்சுப் பலகைக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள்.

பெரிய சார் (தலைமையாசிரியரை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) பொல்லாதவர் இல்லை, ஆனால் பிடிவாதக்காரர். "அரைப்பரீட்சை வரைக்கும் பாப்பேன் டீச்சர். அதுக்குள்ள நாலு வார்த்த புரியலேன்னா ஒண்ணாப்புல கொண்டுபோயி ஒக்கார வெச்சுருவேன்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு சுனிதாவின் அப்பா ஒரு நாள் மாலை பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தார். மெலிந்த மனிதர், சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டை.

"டீச்சர்ஜி, ஒண்ணாவது வேணாம். பொண்ணு ஊரு போகும். அங்க தாதி, பாட்டி இருக்கு, ஸ்கூல் இருக்கு. அம்மா, தம்பி இங்க. பொண்ணு அங்க."

அவருக்கும் ஆசையா என்ன? சொல்லும்போது குரல் உடைந்தது. மகள் படிப்பு கெட்டுவிடக் கூடாதே என்கிற பயம். பக்கத்தில் நின்ற சுனிதா, எந்தத் தமிழும் புரியாது என்று நாங்கள் நினைத்திருந்த சுனிதா, 'ஊரு' என்ற சொல்லைக் கேட்டதும் என் முந்தானையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை விடுவிக்க அவள் அப்பாவும் நானும் சேர்ந்து முயல வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் அறைக்குப் போய் நான் அழுதேன். என்ன பெரிய டீச்சர், ஒரு பிள்ளையைத் தாயிடம் இருத்திவைக்க என்னால் முடியவில்லையே என்று.

இனி கேசட்டுக்கு வருகிறேன்.

அக்காவின் மகன் துபாயிலிருந்து கலர் டி.வி.யும் கேசட் ஓட்டுகிற டெக்கும் வாங்கி வந்து வைத்திருந்தான். தெருவிலேயே அந்த வீட்டில்தான் டெக். டி.வி.க்குப் பூப்போட்ட துணி உறை, டெக்கின் நெற்றியில் சந்தனம் குங்குமம். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குக் காட்டிய கற்பூரத்தட்டை அக்கா அதற்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் வைப்பார். கேலி செய்தால், "சும்மா இரு டீச்சரு, எம்புள்ள வெயில்ல நின்னு சம்பாரிச்சது" என்பார்.

அக்காவுக்கு ஒரே ஒரு மனக்குறை. மகள் மல்லிகாவின் கல்யாணத்தைச் செட்டிகுளத்தில் மலையடிவார மண்டபத்தில் நடத்தினார்கள். அரியலூர் வீடியோக்காரர் ரவி வந்து படம் பிடித்தார். கேசட்டையும் கொடுத்தார், ஆனால் பாட்டு ஏற்றாமல் கொடுத்துவிட்டார். அப்போதெல்லாம் கல்யாண வீடியோ என்றால், பேச்சுச் சத்தத்தை அழித்துவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டை ஏற்றுவார்கள். மணமக்கள் தலையில் பூ விழும், இரண்டு பேரும் தாமரைக்குள்ளிருந்து வருவார்கள். ரவி, பிறகு பண்ணித் தருகிறேன் என்று போனவர், ஒரு வருஷமாக ஆளே வரவில்லை.

"ஒரு பூ விழல, ஒரு பாட்டு இல்ல. சம்பந்தி வூட்ல ஊமக் கல்யாணம்னு சிரிக்கிறாளுவ" என்று அக்கா வாரம் ஒரு தடவையாவது புலம்புவார். புலம்பிக்கொண்டே அந்தக் கேசட்டைப் போட்டும் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், தகரக் கொட்டகைப் பக்கம் போனவள் சுனிதாவைக் கையோடு அழைத்து வந்துவிட்டேன். ஏதாவது படமாவது பார்க்கட்டுமே என்று. தெருப் பிள்ளைகளுக்காக ஒரு சினிமாக் கேசட் ஓடியது. கோர்ட் சீனில் வக்கீல் பக்கம் பக்கமாகப் பேசினார். சண்டை வந்தது. சுனிதா சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். படம் முடிந்து பிள்ளைகள் போனதும் அக்கா வழக்கம்போலக் கல்யாணத்தைப் போட்டார்.

டி.வி.யில் மண்டபத்து வாசல். சந்தனக் கிண்ணத்தோடு அக்கா நிற்கிறார். ஒரு வாரம் வேலைக்காரர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்ததால் வரிக்கு வரி ஒரு செருமல். "அட, வாங்க வாங்க. இப்பதான் வரீங்களா? பஸ்ஸு கெடச்சுதா? போயி மொதல்ல சாப்புடுங்க. கூச்சப்படாம சாப்புடுங்க... ம்க்கும்... நம்ம வூடுதான்." அடுத்த ஆள் வருகிறார், அதே பேச்சு. அதற்கடுத்த ஆள், அதே பேச்சு. குரும்பலூர்க்காரர்கள் வந்தாலும் அதேதான், ஆலத்தியூர்க்காரர்கள் வந்தாலும் அதேதான்.

திரும்பிப் பார்க்கிறேன், சுனிதா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். டி.வி.யையும் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்காவையும் மாறி மாறிப் பார்க்கிறாள். உதடு மெல்ல அசைகிறது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்களெல்லாம் அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வருமா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாவம், அந்தப் பார்வையில் பிள்ளை பாதி செத்துப்போனது. டி.வி.க்குள் இருந்தவர்கள் அவளிடம் எதையும் கேட்கவில்லை. சலிக்காமல் சொன்னதையே சொன்னார்கள். பயமில்லாமல் எத்தனை நேரம் வேண்டுமானாலும் அவர்களைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அன்று முதல் மாலையானால் எங்களுக்குக் கல்யாணம்தான். சுனிதா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே வந்துவிடுவாள். அக்கா பொத்தானில் விரலை வைத்தபடி "திருப்பிப் போடவா கண்ணு?" என்பார். அவள் தலையாட்டுவாள். நானும் கொஞ்சம் வித்தை காட்ட ஆரம்பித்தேன். பந்தி பரிமாறுகிற இடம் வந்ததும் டி.வி.யின் பூத்துணியை இழுத்துவிட்டுப் படத்தை மறைத்துவிடுவேன். "ரசம் ஊத்தவா?" "போதும், போதும்." "தண்ணி வைப்பா இங்க." சத்தம் மட்டும் வரும். பேசுவது யார், என்ன கேட்கிறார்கள் என்று அவள் கையால் காட்ட வேண்டும். தண்ணீருக்குக் கட்டைவிரலை உயர்த்துவாள், போதும் என்றால் இலையை மறைப்பாள். துணியைத் தூக்கிப் பார்த்தால் சரியாக இருக்கும். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு.

கேசட்டில் ஒரு சண்டையும் இருந்தது. அக்காவின் தம்பி, மல்லிகாவின் தாய்மாமன், முதல் மாலையை வேறு யாருக்கோ போட்டுவிட்டார்கள் என்று முறுக்கிக்கொண்டு துண்டை உதறுவார். "என்னய யாரு மதிக்கிறா? நான் போறேன்." அக்கா குறுக்கே நின்று, "எங்க போற? ஒக்காரு. நீ இல்லாம என்னா கல்யாணம்?" என்பார். அந்த இடத்தைச் சுனிதா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பிப் பையைத் தூக்கினேன். வாசலில் நின்ற சுனிதா என்னை மறித்தாள்.

"எங்க போற? ஒக்காரு."

அதுதான் அவள் பேசிக் கேட்ட முதல் தமிழ். நான் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன், வேறென்ன செய்வது. அக்காவோ அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவளைத் தூக்கிச் சுற்றினார். அவள் அக்கா முகத்தைப் பிடித்துக்கொண்டு "தங்கப்பொண்ணு" என்றாள். கேசட்டில் எல்லோரும் அப்படித்தானே கூப்பிட்டார்கள்!

"யாத்தே, பேரச் சொல்லிக் கூப்புட எம்மாமியாரே பொழச்சு வந்துட்டா பாரு" என்று அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரி, பாட்டுக் கதைக்கு வருகிறேன். அரைப்பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு வருஷமாகத் தலைகாட்டாத வீடியோக்காரர் ரவி மொபெட்டில் வந்து இறங்கினார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. கேசட்டக் குடுங்க, பாட்டு ஏத்திட்டு ஒரு மாசத்துல கொண்டாந்துர்றேன். பூவு, தாமர, எல்லாம் போட்டுர்லாம். சம்பந்தி வூட்டுக்காரங்க வாயப் பொளக்கணும்."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு வருஷத்து ஏக்கம் அல்லவா? உள்ளே போய் டெக்கிலிருந்து கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அது அவர் மகள் கல்யாணம், அவர் பொருள். எந்த முகத்தோடு வேண்டாம் என்று நான் சொல்வது?

கையை நீட்டப்போன அக்கா நிறுத்தினார். "ஆமா, பாட்ட ஏத்துனா நாங்க பேசுற சத்தமெல்லாம்?"

"அது அழிஞ்சுரும்க்கா. அந்தக் கசமுசா யாருக்கு வேணும்?"

அக்கா கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். சுனிதா கறுத்துப்போன டி.வி.க்கு முன்னால் சம்மணம் போட்டு, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, இதோ இப்போது வரும் என்று காத்திருந்தாள்.

"அப்ப வேணாம் ரவி."

"ஏன்க்கா? நீங்கதான என்னைய ஊரெல்லாம் திட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"திட்டுனேன்தான். எம்புள்ள இன்னும் கேட்டு முடிக்கல. நீ போயிட்டு வா."

ரவிக்கு ஒன்றும் புரியவில்லை. மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். சம்பந்தி வீட்டுச் சிரிப்பை அக்கா அதற்கப்புறமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் 'ஊமக் கல்யாணம்' என்று அவர் வாயால் புலம்பி நான் கேட்கவில்லை.

அரைப்பரீட்சையன்று பெரிய சார் எங்கள் வகுப்புக்கு வந்தார். சுனிதாவின் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார், அவர் கதவோரம் நின்றார். பெரிய சார் உள்ளே காலெடுத்து வைத்ததுதான் தாமதம், சுனிதா எழுந்து கைகூப்பினாள்.

"அட, வாங்க வாங்க. இப்பதான் வரீங்களா? பஸ்ஸு கெடச்சுதா? போயி மொதல்ல சாப்புடுங்க."

வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பெரிய சார் அந்த ஊர்க்காரர், பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு. பஸ்ஸுக்கு எங்கே போவார்! அவருக்கும் மீசை துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

"கிளி மாதிரி ஒப்பிக்குது டீச்சர். புரியுதான்னு தெரியணுமே?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "ஒங்கப்பா ஒன்னைய ஊருக்கு அனுப்பப் போறாராமே. போறியா?"

இந்தக் கேள்வி கேசட்டில் இல்லை. எங்கள் கல்யாணத்தில் யாரும் யாரையும் இப்படிக் கேட்கவில்லை. சுனிதா கீழே பார்த்தாள். பலகைக்கடியில் போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு பெரிய சாரை நேராகப் பார்த்தாள்.

"நான் போவல. தம்பி இங்க. ம்க்கும். நம்ம வூடு இங்கதான்."

செருமலோடு சேர்த்துத்தான் சொன்னாள். நடுவில் ஒரு செருமல் போட்டால்தான் அந்தத் தமிழ் முழுசாகும் என்று அவள் நினைத்திருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற அவள் அப்பா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய சார், "மூணாப்புலயே இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத பலகையை அழித்துக்கொண்டிருந்தேன்.

ஆலை கட்டி முடித்ததும் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். அப்போது சுனிதா ஏழாவது. பிறகு என்ன ஆனாள் என்று வெகுகாலம் தெரியாது. நாலைந்து வருஷத்துக்கு முன் யார் யாரையோ பிடித்து என் நம்பரை வாங்கி, பாட்னாவிலிருந்து கூப்பிட்டாள். பேரன் எடுத்துவிட்டாளாம். அந்த ஊரில் தமிழ் பேச அவளுக்கு ஆள் கிடையாது. என்னோடு மட்டும்தான் பேசுகிறாள். போன மாசம் கேட்டாள்: "அந்தக் கேசட்டு இருக்கா டீச்சர்? தங்கப்பொண்ணு கொரல ஒரேயொரு வாட்டி கேக்கணும்."

அக்கா போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. துண்டை உதறிய தம்பியும் போய்விட்டார். ரோடு அகலமாக்கியபோது வீடு இடிபட்டது, டெக்கைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப்போனான். மல்லிகா கேசட்டை மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நீங்கதான டீச்சர் இத அதிகமாப் பாத்தீங்க" என்றாள்.

நேற்று ஸ்டூடியோத் தம்பி போன் செய்தான். நாடா பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு, ஓட்டும்போதே அறுந்துவிட்டதாம். "ஒண்ணும் மிஞ்சல டீச்சர். படமும் இல்ல, சத்தமும் இல்ல." நல்ல பிள்ளை, காசு வேண்டாம் என்றுவிட்டான்.

சுனிதாவிடம் எப்படிச் சொல்வது என்று பகலெல்லாம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரி, வுடுங்க டீச்சர். வெயில்ல அலஞ்சீங்களா? பஸ்ஸு கெடச்சுதா? போயி மொதல்ல சாப்புடுங்க" என்றாள். பிறகு, "ஒரு வாட்டி இங்க வாங்களேன். கூச்சப்படாம வந்து தங்குங்க. ம்க்கும். நம்ம வூடுதான்."

அதே இழுப்பு. அதே தொண்டைக்கட்டு. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"டீச்சர்? லைன்ல இருக்கீங்களா? நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதுடி கண்ணு" என்றேன். "இன்னொரு வாட்டி சொல்லு."